பிரெஞ்சில் ஒரு வேதம்

1760இல் வால்டேரின் கைக்கு இந்தியாவிலிருந்து ஒரு கையெழுத்துப் பிரதி வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் மோதாவ் என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி. நூலின் பெயர் 'எசுர் வேதம்'. யஜுர் வேதம் என்பதுதான் அப்படித் திரிந்திருக்கிறது. சமஸ்கிருதத்திலிருந்து ஒரு பிராமணர் பிரெஞ்சில் பெயர்த்தது என்று நம்பிய வால்டேர், அது அலெக்சாண்டர் படையெடுப்புக்கும் முந்தையது என்று எழுதினார். மறுவருஷமே பாரிஸ் அரச நூலகத்துக்கு அதைக் கொடுத்தார்.

நூல் ஓர் உரையாடல். வியாசர் புராணக் கதைகளைச் சொல்லச் சொல்ல, சுமந்து ஒவ்வொன்றாக மறுக்கிறார். சிலை வழிபாடு தவறு, அவதாரம் கட்டுக்கதை, கடவுள் ஒருவரே. நம் மரபில் சுமந்து, வியாசரிடம் அதர்வ வேதம் கற்ற சீடர். இங்கே சீடர் வாத்தியாருக்கே பாடம் எடுக்கிறார். கிறிஸ்துவைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது. நிலத்தை உழுதுபோட்டாச்சு, விதைக்கிறவர் பிறகு வருவார்.

பாதிரிமார்களைச் சாடியே பேர் வாங்கியவர் வால்டேர். பைபிளுக்கு முன்பே இந்தியாவில் தூய ஒரு கடவுள் கொள்கை இருந்தது என்று சொல்லி அவர்களை மட்டம்தட்ட, பாதிரிமார்களே எழுதிய நூலை எடுத்துக்கொண்டார். இதைவிட நல்ல நகைச்சுவையை அவரே எழுதியதில்லை.

1778இல் சுவிட்சர்லாந்தின் இவெர்தோனில் இரண்டு தொகுதிகளாக அச்சானது. மறுவருஷம் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் வந்துவிட்டது. இது வேதமே இல்லை, மசூலிப்பட்டினத்துப் பாதிரி ஒருவர் எழுதிய கண்டன நூல் என்று 1782இல் பயணி சொன்னெரா எழுதினார். ஆதாரத்தைத் தேடிப் பிடித்தவர் நமக்குத் தெரிந்த ஆள்தான். சென்னை கலெக்டராக இருந்தவரும் குறளுக்கு உரை எழுதியவருமான எல்லிஸ். பாண்டிச்சேரி மிஷன் நூலகத்தில் இதன் பிரதியோடு மற்ற வேதங்களின் பெயரில் எழுதிய கையெழுத்துப் பிரதிகளும் அவருக்குக் கிடைத்தன. சிலவற்றில் ஒரு பக்கம் ரோமன் எழுத்தில் சமஸ்கிருதம், எதிர்ப்பக்கம் பிரெஞ்சு. அவருடைய கட்டுரை 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' தொகுதியில் 1822இல் வெளியானது. அதற்கு மூன்று வருஷம் முன்பே அவர் ராமநாதபுரத்தில் இறந்துவிட்டார்.

எழுதியது யார்? 1606இல் மதுரைக்கு வந்து, காவி கட்டி, சைவ உணவு உண்டு வாழ்ந்த ராபர்ட் டி நொபிலி மேல் எல்லிஸ் சந்தேகப்பட்டார். அது பொருந்தவில்லை. 1984இல் இதை ஆராய்ந்து பதிப்பித்த லூடோ ரோஷர், மூலமே பிரெஞ்சுதான் என்கிறார். அப்படியானால் 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஜெசூட்களில் ஒருவர். பெயர் கடைசிவரை கிடைக்கவில்லை.

இதை மோசடி என்று சொல்லக்கூடாது என்றும் ஒரு வாதம் உண்டு. தமிழில் 'வேதம்' என்றால் எந்த மதத்தின் மறைநூலும்தான். தென்மாவட்டங்களில் இன்றும் சர்ச்சுக்கு வேதக்கோயில் என்று பெயர், கிறிஸ்தவர்களுக்கு வேதக்காரர் என்று பெயர். வாதம் சரிதான். ஆனால் பேசுகிறவர்களுக்கு வியாசர், சுமந்து என்று ஏன் பெயர் வைக்கணும்? 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, தான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வாதாடினார். அவரிடம் நம்மாட்கள் பதிலுக்குப் பதில் பேச முடிந்தது. எசுர் வேதத்தோடு சண்டை போட முடியாது. எதிரில் இருக்கிறவர் உங்கள் வியாசரின் வேஷத்தில் இருக்கிறார். மதம் பரப்புவதில் எனக்குப் புகார் இல்லை. கையெழுத்தை மறைப்பதில்தான் புகார். மென்பொருள் வேலையில் ஒரு வரி தப்பாக இருந்தால் அதை எழுதியவர் பெயரைத்தான் முதலில் தேடுவோம்.

வேலை இன்னும் நடக்கிறது, எல்லாத் தரப்பிலும். ரிக்வேதத்துப் பிரஜாபதி இயேசுதான் என்று ஒரு துண்டுப் பிரசுரம். கல்கி அவதாரம் நபிகள்தான் என்று இன்னொன்று. உபநிடதத்திலேயே அணு விஞ்ஞானம் இருக்கிறது என்று நம்மாட்கள் அனுப்புவது மூன்றாவது. ஏரியூரில் ஒருவர் கைபேசியில் இதைப் படிக்கும்போது எந்த மந்திரம், எந்தப் பதிப்பு என்று பார்க்க அவரிடம் வழி இருக்காது. வால்டேருக்கும் இருக்கவில்லை.

வால்டேர் பிரதியைக் கொடுத்த அதே நூலகத்தில் அசல் ரிக்வேதமே இருந்தது. 1730களில் ஆந்திரப் பகுதியிலிருந்த ஜெசூட் பாதிரி கல்மெத் கஷ்டப்பட்டுத் தேடி, பிரதி எடுக்கச் செய்து அனுப்பிய சுவடி. வேதத்திலிருந்தே மேற்கோள் எடுத்து பிராமணர்களை மடக்கலாம் என்பது அவருடைய கணக்கு. பாரிஸில் அதைப் படிக்க ஆள் இல்லை. பிரெஞ்சில் இருந்த போலியை எல்லோரும் படித்தார்கள். ரிக்வேதத்தின் எட்டு அஷ்டகங்களில் முதலாவது, ரோசனின் லத்தீன் மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சானது 1838இல். எசுர் வேதம் அச்சாகி அறுபது வருஷம் ஆகியிருந்தது.