கடன் வாங்கிய விழிப்பு: ஜென் மடங்களும் தேநீரும்

ஜென் கதைகளில் தமிழ் வாசகருக்கு மிகவும் பழகிப்போனது, கோப்பை நிரம்பி வழியும் கதைதான். மெய்ஜி காலத்து ஆசான் நான்-இன்னைக் காண ஒரு பேராசிரியர் வருகிறார். ஆசான் தேநீரை ஊற்றிக்கொண்டே இருக்கிறார். கோப்பை வழிகிறது. நிறைந்திருக்கும் மனத்தில் புதிதாக எதையும் இட இயலாது என்பது பாடம். சிற்றிதழ்களின் ஓரக் கட்டங்களிலும், தன்னம்பிக்கை நூல்களிலும், பட்டமளிப்பு விழா மேடைகளிலும் இக்கதையைப் பலமுறை எதிர்கொண்டிருக்கிறோம். கல்லூரி ஆசிரியர்களாகிய நாம் அந்தப் பேராசிரியருக்காகச் சற்று வருந்தியும் இருக்கிறோம். ஆனால், மிக எளிய வினா ஒன்றை நாம் எழுப்புவதில்லை. அத்துறவியின் கையில் தேநீர் எப்படி வந்தது?

'தேநீரும் ஜென்னும் ஒன்றே' என்னும் அழகிய தொடர் ஒன்று உலகெங்கும் புழங்குகிறது. அத்தொடரை விடையாக ஏற்றுக்கொண்டால் வினா அங்கேயே முடிந்துவிடும். வரலாற்றின் பக்கம் சென்றால் கிடைக்கும் விடை அத்தனை அழகானதன்று. ஆயினும் அதைவிட மனிதத்தன்மை உடையது. அவ்விடை, தூக்கம்.

எட்டாம் நூற்றாண்டின் சீனத்திலிருந்து தொடங்குவோம். தாங் அரசமரபின் காலத்தில் வாழ்ந்த ஃபெங் யான் என்னும் அதிகாரி தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் தொகுத்து ஒரு நூல் எழுதினார். அதில் தேநீர்ப் பழக்கம் வட சீனத்தில் பரவிய விதத்தைச் சொல்கிறார். கி.பி. 713 முதல் 741 வரையிலான ஆண்டுகளில், தாய் மலைப் பகுதியிலுள்ள லிங்யான் மடத்தில் ஓர் ஆசான் 'சான்' நெறியைப் பரப்பிவந்தார் (சீனத்தின் 'சான்' என்பதே ஜப்பானில் 'ஜென்' ஆயிற்று, இரண்டுக்கும் மூலம் 'தியான' என்னும் வடசொல்). அங்கே தியானம் பயில்வோர் இரவில் உறங்கலாகாது, மாலையில் உண்ணலாகாது. தேநீர் அருந்த மட்டும் அனுமதி உண்டு. ஆகவே ஒவ்வொருவரும் தேயிலையைக் கையோடு கொண்டுசென்று, போகுமிடமெல்லாம் காய்ச்சிக் குடித்தனர். அதைப் பார்த்துப் பிறரும் குடிக்கத் தொடங்க, அது நாட்டு வழக்கமாயிற்று. ஃபெங் யான் தரும் செய்தியின் சாரம் இதுதான்.

இதில் தத்துவம் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நண்பகலுக்குப் பின் உண்ணக்கூடாது என்பது புத்தர் காலம்தொட்டு வரும் துறவியர் விதி. அதன்மேல் உறங்காமல் அமர்ந்திருக்கும் பயிற்சி. காலியான வயிறு, கனக்கும் இமை. இவ்விரண்டுக்கும் நடுவே, விதியை மீறாமல் உள்ளே செல்லக்கூடிய ஒரே பொருள் இலை காய்ச்சிய நீர். தேநீர் மடத்துக்குள் குறியீடாக நுழையவில்லை. உடலின் தேவையாக நுழைந்தது. தேநீரைப் பற்றிய முதல் பெருநூலை அதே எட்டாம் நூற்றாண்டில் எழுதிய லூ யூ, கைவிடப்பட்ட குழந்தையாக ஒரு பௌத்த மடத்தில் வளர்க்கப்பட்டவர் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணலாம்.

நம்மவர்க்குப் பெருமிதம் தரும் தொன்மம் ஒன்றும் இவ்விடத்தில் குறுக்கிடுகிறது. போதிதர்மர் சுவரை நோக்கி ஒன்பதாண்டுகள் தியானத்தில் இருந்தபோது ஒருமுறை உறங்கிவிட்டாராம். சினங்கொண்டு தம் இமைகளை அறுத்தெறிந்தாராம். அவை விழுந்த மண்ணில் தேயிலைச் செடி முளைத்ததாம். நாகசாகியில் டச்சு வணிக நிலையத்தின் மருத்துவராகப் பணியாற்றிய எங்கெல்பெர்ட் கெம்ஃபர் இக்கதையை 1712இல் வெளிவந்த தம் நூலில் ஐரோப்பியருக்குச் சொன்னார். போதிதர்மர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்பது பழைய சீன மரபு. அவரைக் காஞ்சியோடு இணைத்துப் பேசுவது பிற்கால வழக்கு. 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படத்துக்குப் பிறகு அவ்விணைப்பு தமிழகத்தில் ஐயத்துக்கு இடமற்ற செய்தியாகவே நிலைபெற்றுவிட்டது. ஆனால் தேயிலை அவருக்காகக் காத்திருக்கவில்லை. அவர் காலத்துக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, கி.மு. 59ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சீன ஆவணம், தேயிலை வாங்கிவருவதை ஓர் அடிமையின் வேலைகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.

எனினும் இமைக்கதையைப் பொய்யென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. தியானம் பயின்ற தலைமுறைகள் தம் முதற்பகையாக எதைக் கண்டன என்பதை அக்கதை ஒளிவின்றிச் சொல்கிறது. காமமும் சினமும் பின்னால் வரும் பகைகள். அமர்ந்த கால் நாழிகையில் வந்து நிற்பது தூக்கம். அறுத்தெறிய வேண்டிய இமைக்கு மாற்றாக ஒரு செடி கிடைத்தது என்பதில் ஒரு பெருமூச்சும் கேட்கிறது.

இதே பெருமூச்சை அரேபியாவிலும் கேட்கலாம். பதினைந்தாம் நூற்றாண்டின் ஏமனில் சூஃபிகள் இரவு முழுவதும் இறைவன் திருநாமத்தை ஓதும் வழிபாட்டுக்குத் துணையாகக் காப்பியைக் கைக்கொண்டனர். அங்கிருந்து அது மெக்காவுக்கும் கெய்ரோவுக்கும் சென்றது. 1511இல் மெக்காவில் அதைத் தடைசெய்தும் பார்த்தனர், தடை நிலைக்கவில்லை. பாபா புதன் என்னும் சூஃபி ஏழு காப்பி விதைகளைச் சிக்மகளூர் மலைக்குக் கொண்டுவந்தார் என்ற மரபுக்கதை கன்னட நாட்டில் இன்றும் வழங்குகிறது. நம் வீடுகளின் காலைக் காப்பிக்கும் கீழ்த்திசைத் தேநீருக்கும் இரவில் விழித்திருந்த துறவிகளே முன்னோடிகள் எனலாம். ஒன்றையொன்று அறியாத இரு சமயங்கள் ஒரே சிக்கலுக்கு ஏறத்தாழ ஒரே விடையைக் கண்டன.

மீண்டும் சீனத்துக்கு வருவோம். ஒன்பதாம் நூற்றாண்டின் ஆசான் ஜாவோஜோ. நூற்றிருபது ஆண்டுகள் வாழ்ந்தார் என்று மரபு கூறும். மடத்துக்கு வந்த ஒருவரிடம், முன்பு இங்கு வந்ததுண்டா என்று வினவுகிறார். உண்டு என்றவரைத் தேநீர் அருந்தப் பணிக்கிறார். இல்லை என்ற மற்றொருவரையும் அவ்வாறே பணிக்கிறார். இருவருக்கும் ஒரே மறுமொழியா என்று குழம்பிய மடத்து நிர்வாகிக்கும் தேநீரே மறுமொழியாகக் கிடைக்கிறது. இதற்கு எழுதப்பட்ட விளக்கங்கள் ஏராளம். நமக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அதற்குள்ளாகவே தேநீர் மடத்தில் மிகச் சாதாரணமான பொருளாகிவிட்டிருந்தது. சாதாரணமாக இருந்ததனால்தான் அக்கதைக்கு வலிமை வந்தது. ஆசான் அரிய பொருள் எதையும் காட்டவில்லை; அடுக்களையைக் காட்டினார்.

1103இல் தொகுக்கப்பட்ட சான் மடங்களின் ஒழுங்கு நூல் ஒன்று, தேநீருக்கென விரிவான விதிகளை வகுத்தது. யார் யாரை அழைப்பது, எவர் எங்கே அமர்வது, எப்போது வணங்குவது, ஓசையெழாமல் அருந்துவது எப்படி என்பனவெல்லாம் அதில் உண்டு. தூக்கத்துக்கு மருந்தாக வந்தது, ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளில் கூட்டு வாழ்வின் இலக்கணமாயிற்று. தனித்தனியே தேயிலையைச் சுமந்து திரிந்த துறவியர் இப்போது ஒரே மணியோசைக்கு ஒரே மண்டபத்தில் கூடி அருந்தினர். இம்மாற்றமே இவ்வரலாற்றின் நடுப்புள்ளி என்று கருதுகிறோம்.

ஜப்பானுக்குத் தேநீரை முதலில் கொண்டுசென்றவர் எய்சாய் (1141–1215) என்று பலரும் எழுதுகின்றனர். 815ஆம் ஆண்டிலேயே சாகா பேரரசருக்கு எய்ச்சூ என்னும் துறவி தேநீர் அளித்த செய்தி அந்நாட்டு அரச வரலாற்றில் பதிவாகியுள்ளது. அப்பழக்கம் பின்னர் மங்கியது. 1191இல் சீனத்திலிருந்து திரும்பிய எய்சாய், ரின்சாய் ஜென் நெறியோடு தேநீரையும் மீண்டும் வேரூன்றச் செய்தார். கியோத்தோவில் கென்னின்-ஜி மடத்தை 1202இல் நிறுவினார். 1211இல் தேநீர் குறித்து ஒரு நூல் எழுதினார். ஜென் ஆசானின் தேநீர் நூல் என்றதும் நாம் எதிர்பார்ப்பது வேறு. அதில் இருப்பது வேறு. ஐந்து உறுப்புகள், அவற்றுக்குரிய ஐந்து சுவைகள், இதயத்துக்கு உகந்த கசப்பு ஜப்பானியர் உணவில் இல்லாமை, அதனால் வரும் நோய்கள் என்று அது முழுக்க மருத்துவம் பேசுகிறது. பிற்பகுதி முசுக்கட்டைச் செடியின் பயன்களைச் சொல்கிறது. ஜென்னைத் தேடிச் செல்வோருக்கு அந்நூலில் கிடைப்பது மிகக் குறைவு. 1214இல், முந்தைய இரவின் மதுவால் துன்புற்ற இளம் ஷோகன் சானெதோமோவுக்குத் தேநீரோடு அதன் சிறப்பைக் கூறும் நூலையும் எய்சாய் அனுப்பினார் என்று அக்கால வரலாற்று நூல் கூறுகிறது. தேநீர் அங்கே அரண்மனையை அடைந்தது, தலைவலி மருந்தாக!

அரண்மனைக்குச் சென்றதும் அதன் போக்கு மாறியது. எது உயர்ந்த தோட்டத்து இலை என்று குடித்துக் கண்டுபிடிக்கும் பந்தயங்கள் பெருகின. சீனக் கலங்களுக்குப் பெருஞ்செல்வம் கைமாறியது. இதற்கு எதிர்வினையாகவே முராதா ஜூகோவும் (1423–1502), தாகெனோ ஜோஓவும், சென் நோ ரிக்யூவும் (1522–1591) எளிமையை முன்வைத்த தேநீர்க் கலையை உருவாக்கினர். ரிக்யூ, தாய்தோகு-ஜி என்னும் ஜென் மடத்தோடு நெருங்கிய தொடர்புடையவர். யாமசாகியில் அவர் அமைத்ததாகக் கருதப்படும் தாய்-ஆன் அறை இரண்டு பாய் அளவே உடையது. குனிந்து தவழ்ந்தே உள்ளே செல்ல வேண்டும். அதே ரிக்யூவின் தலைவன் ஹிதேயோஷி, தங்கத்தால் இழைத்த தேநீர் அறையை வைத்திருந்தான். அம்மடத்தின் வாயில் மாடத்தில் ரிக்யூவின் மரச்சிலை வைக்கப்பட்டது அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. 1591இல் தற்கொலை செய்துகொள்ளுமாறு ஆணை வந்தது. அவர் அதை நிறைவேற்றினார். எளிமையும் அதிகாரத்தின் நிழலில் வளர்ந்தால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

'தேநீரும் ஜென்னும் ஒன்றே' என்ற கோட்பாடு முழு வடிவம் பெற்றது அவர் மறைவுக்குப் பின்னரே. ரிக்யூவின் சொற்களாக அவர் மாணவர் எழுதிவைத்தது என்று சொல்லப்படும் நாம்போரோகு என்னும் நூல், ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, ஃபுகுவோகாவைச் சேர்ந்த தாச்சிபானா ஜிட்சுசான் என்பவர் வழியாக வெளிப்பட்டது. அதில் பெரும்பகுதி அவருடைய தொகுப்பே என்று இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். தேநீரின் உட்பொருள் ஜென்னே என்று அழுத்திக் கூறும் செஞ்சாரோகு அச்சானது 1828இல். ஒகாகுரா ககுசோ தேநீர் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1906இல் வந்தது. அதன்வழியே மேற்குலகமும், ஆங்கிலம் வழியே நாமும், இக்கோட்பாட்டை ஆயிரமாண்டுப் பழமை உடையதாக நம்பத் தொடங்கினோம்.

இவ்வரலாற்றில் நம் உள்ளத்தைக் கவர்ந்தவர் ஒருவர் உண்டு. பைசாஓ (1675–1763), 'தேநீர் விற்கும் கிழவர்' என்பது அப்பெயரின் பொருள். சீனத் துறவி இங்கென் 1661இல் ஊஜியில் மம்புகு-ஜி மடத்தை நிறுவித் தொடங்கிவைத்த ஓபாகு ஜென் மரபைச் சேர்ந்தவர். அம்மரபினர் பொடியைக் கடையாமல் இலையை ஊறவைத்து அருந்தினர். பைசாஓ அறுபது வயதை ஒட்டி மடத்து வாழ்வை விட்டுக் கியோத்தோவின் தெருக்களுக்கு வந்து தேநீர் விற்றார். விலை நிர்ணயிக்கவில்லை, கொடுப்பதைப் பெற்றுக்கொண்டார். பிறர் காணிக்கையில் துறவிகள் வாழ்வது அவருக்கு உடன்பாடன்று. முதுமையில், 1755இல், தாம் சுமந்து திரிந்த தேநீர்க் கருவிகளைத் தீயிலிட்டார். தமக்குப் பின் அவை விலைமதிப்பற்ற பொருள்களாகிவிடும் என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். ரிக்யூ பயன்படுத்திய கலங்கள் அடைந்த கதியை அவர் அறியாதவரா?

இனி ஒரு வினா எஞ்சுகிறது. தேநீர் தரும் விழிப்பு உண்மையான விழிப்புதானா? இன்றைய அறிவியல் சொல்வது இது: நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்து தூக்கத்தை அழைக்கிறது, தேநீரிலும் காப்பியிலும் உள்ள கஃபீன் அவ்வழைப்பு மூளைக்குக் கேட்காதபடி மறைக்கிறது. களைப்பு தீர்வதில்லை, ஒத்திவைக்கப்படுகிறது. இது கடன் வாங்கிய விழிப்பு. எதையும் பற்றாதே என்னும் நெறி, ஓர் இலையைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருப்பது முரணல்லவா?

ஜென் மடங்கள் இதற்குத் தத்துவ விடை தேடவில்லை. ஒழுங்கால் விடை தந்தன. தேநீருக்கு வேளை உண்டு, அளவு உண்டு, தொடக்கமும் முடிவும் உண்டு. அதற்கு மேலாக, அது தனியே அருந்துவதன்று. கென்னின்-ஜி மடத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 20ஆம் நாள் எய்சாயின் பிறந்தநாளை ஒட்டி நடைபெறும் சடங்கில் அப்பழைய முறையை இன்றும் காணலாம். விருந்தினர் தேயிலைப்பொடி இட்ட கலத்தை ஏந்தியிருக்க, துறவி வெந்நீர் ஊற்றி, மூங்கிலால் ஆன சிறு மத்தால் கடைந்து தருவார். ரிக்யூவுக்கு முந்தைய, சீன மடங்களின் சாயல் கொண்ட முறை அது. நாள்தோறும் தியான மண்டபங்களில் நடைபெறும் தேநீர் வேளையோ இத்தனை சடங்கும் இல்லாதது. கெண்டி வரிசையாக வருகிறது, அனைவரும் அருந்துகின்றனர், ஒரு சொல்லும் இல்லை, மீண்டும் அமர்கின்றனர்.

கடன்பட்ட விழிப்பு என்பதை அனைவரும் அறிந்து, அனைவரும் சேர்ந்தே பட்டு, அதை உரிய வேளையில் முடித்துக்கொள்வது. தேநீர் ஜென்னுக்குச் செய்த பணி இவ்வளவே என்று நமக்குத் தோன்றுகிறது. அதனினும் பெரிதாக அதைச் சொல்ல முற்பட்ட ஒவ்வொரு முறையும் கோப்பைக்கு விலை ஏறியது; ஒருமுறை அதன் பொருட்டு ஓர் உயிரும் போயிற்று. அடுத்தமுறை நிரம்பி வழியும் கோப்பையின் கதையைக் கேட்க நேரும்போது பேராசிரியரை மறந்துவிட்டு அந்த ஆசானை எண்ணிப் பார்க்கலாம். அவருக்கும் அன்றிரவு விழித்திருக்க வேண்டியிருந்தது.