அறியாத வினா: மாறும் காலமும் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வும்

2018 ஜூனில் தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்த மாணவர்களின் கையில் புதிய பாடத்திட்டத்தின் முதல் நூல்கள் இருந்தன. அவர்கள் எழுதவேண்டிய பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2020இல் பெருந்தொற்றால் ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களும் வருகைப்பதிவும் கொண்டே தேர்ச்சி தரப்பட்டது. அடுத்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பிலும் அனைவரும் தேர்ச்சி. 2022 மே மாதம் எழுதிய பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வே அவர்களுக்கு முதல் பொதுத்தேர்வு. அவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்தவர்கள் முதல் பருவத்தைத் தொடங்கிய வேளையில், நவம்பர் இறுதியில், சாட்ஜிபிடி வெளியானது. 2018இல் பாடநூல் எழுதியவர்கள் எவ்வளவு தொலைநோக்கு உடையவர்களாக இருந்தாலும் இந்த நான்கு ஆண்டுகளைக் கணித்திருக்க முடியாது.

இத்தகைய நிலைக்கு நம் கல்வித்துறை தரும் வழக்கமான விடை, புதிய பாடம் ஒன்றைச் சேர்ப்பது. நேற்று கணினி நிரலாக்கம், இன்று செயற்கை நுண்ணறிவு. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் போன்ற திறன் திட்டங்களால் பயன்பெற்றவர்கள் பலர். ஆயினும் இன்றைய சந்தைக்குத் தேவையான திறன் நாளையும் அதே விலை பெறும் என்பதற்கு உறுதி இல்லை. எதிர்பாராததை எதிர்கொள்ளும் பழக்கம் மாணவருக்கு வருமா வராதா என்பதைப் புதுப் பாடத்தைவிட வினாத்தாளே தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1908இல் அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் ஜட் வெளியிட்ட ஒரு சோதனையை இங்கே சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். சிறுவர்கள் நீருக்குள் 12 அங்குல ஆழத்தில் வைத்த இலக்கை நோக்கிச் சிறு அம்பு எறிய வேண்டும். ஒரு குழுவுக்கு ஒளிவிலகல் பற்றி முன்பே விளக்கப்பட்டிருந்தது. மற்றக் குழுவுக்கு விளக்கம் இல்லை. தொடக்கத்தில் இரு குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. விளக்கம் பெற்றவர்களும் எறிந்து எறிந்துதான் கற்றார்கள். பிறகு இலக்கை 4 அங்குல ஆழத்துக்கு உயர்த்தினார்கள். விளக்கம் பெறாதவர்கள் பழைய கைப்பழக்கத்திலேயே எறிந்து தடுமாறினர். காரணம் அறிந்தவர்கள் விரைவில் தங்களைத் திருத்திக்கொண்டனர். 1941இல் ஹென்ட்ரிக்சன், ஷ்ரோடர் இருவரும் காற்றுத் துப்பாக்கியைக் கொண்டு இதே வினாவை மீண்டும் சோதித்தபோதும், வேறுபாடு பெரிதில்லை என்றாலும், கோட்பாடு அறிந்தவர்களே முன்னே நின்றனர்.

ஜட் சோதனையில் நாம் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. ஆழத்தை மாற்றாமல் இருந்திருந்தால் இரு குழுவும் ஒன்றே என்றுதான் பதிவாகியிருக்கும். ஒரே ஆழத்தில் நடத்தப்படும் தேர்வு, புரிந்தவரையும் பழகியவரையும் பிரித்துக் காட்டாது.

நம் பொதுத்தேர்வு நெடுங்காலம் ஒரே ஆழத்தில்தான் நடந்தது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வினா வரும் என்று புளூபிரிண்ட் முன்கூட்டியே சொல்லியது. ஒரு மதிப்பெண் வினாக்கள் பெரும்பாலும் பாட இறுதியில் உள்ள 'புக் பேக்' வினாக்கள். எந்தப் பாடத்தைச் சாய்ஸில் விடலாம் என்பதை ஆசிரியரே வகுப்பில் சொல்லித்தருவது இயல்பாகிப்போனது. 2007இல் தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத்தேர்வு நீங்கியது கிராமப்புற மாணவருக்கு வழி திறந்தது, அம்முடிவு சரியானது. ஆனால் கட்-ஆஃப் முழுவதும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சார்ந்தபின், பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஓட்டின. 2017ஐ ஒட்டிய ஆண்டுகளில் தரவரிசை அறிவிப்பு நிறுத்தப்பட்டது, பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது, புளூபிரிண்ட் கைவிடப்பட்டது. அண்மைக் காலத்துக் கல்விச் சீர்திருத்தங்களில் இவற்றையே நான் முதன்மையானவையாகக் கருதுகிறேன்.

வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். 8 அடி ஆழமுள்ள நீரை நேர் மேலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 6 அடியாகத் தெரியும், ஏனெனில் நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 4/3. 'ஒளிவிலகல் விதிகளைக் கூறுக' என்ற வினாவுக்கு மனப்பாடம் போதும். 'தண்ணீர் பாதியாகக் குறைந்தால் அடித்தளம் எவ்வளவு உயர்ந்து தெரியும்?' என்று கேட்டால், 2 அடி என்று மனப்பாடம் செய்தவர் தவறுவார். விகிதம் புரிந்தவர் 1 அடி என்பார். கூடுதல் பாடம் எதுவும் இதற்குத் தேவையில்லை. பாடம் அதேதான், இலக்கின் ஆழம்தான் மாறியிருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குப் புளூபிரிண்ட் ஒரு பாதுகாப்பு. குறைந்த வசதியுள்ள அரசுப் பள்ளி ஆசிரியர், மெல்லக் கற்கும் மாணவரை அதைக்கொண்டுதான் தேர்ச்சி பெறவைத்தார். அறியாத வினா வந்தால், அதற்கும் பயிற்சியை விலைக்கு வாங்கக்கூடியவரே வெல்வார். 2017இல் தமிழ்நாட்டுக்கு நீட் வந்தபோது நடந்தது இதுதான். தமிழ்வழி மாணவரின் மருத்துவ இடங்கள் சரிந்ததை நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021இல் பதிவு செய்தது. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்திராவிட்டால் இழப்பு இன்னும் பெரிதாகியிருக்கும். ஆனால் இந்த மறுப்பு உண்மையில் சுட்டுவது, வகுப்பறையை அப்படியே விட்டுவிட்டுத் தேர்வை மட்டும் மாற்றும் தவறை. அறியாத வினா ஏழைப் பிள்ளையை முதன்முதலில் தேர்வுக்கூடத்தில் சந்திக்கக் கூடாது. அது எட்டாம் வகுப்பிலிருந்தே, மதிப்பெண் அச்சமின்றி, வாரந்தோறும் வகுப்பில் சந்திக்க வேண்டிய ஒன்று. மனப்பாடத்தை நான் எதிர்க்கவில்லை; ஜட்டின் சிறுவர்களும் எறிந்து பழகாமல் இலக்கைத் தொடவில்லை.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை மனப்பாடத்தைக் குறைக்க வேண்டும் என்கிறது, வரவேற்கிறேன். அதனோடு பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டதை ஏற்க இயலவில்லை. மாணவரின் மன அழுத்தம் உண்மையே. ஆனால் அந்த ஓராண்டுப் பாடம் மீண்டும் ஒதுக்கப்பட்டால், கல்லூரியில் முதல் ஆண்டிலேயே அடித்தளமின்றி நிற்பவர்கள் அதே மாணவர்கள்தாம்.

அரசுத் தேர்வுகள் இயக்ககம் மூன்றைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் ஐந்தில் ஒரு பங்கு மதிப்பெண்ணையேனும் பாடநூலில் இல்லாத சூழலில் அமைந்த வினாக்களுக்கு ஒதுக்கி, அந்த அளவை ஆண்டுதோறும் மாற்றாமல் காக்க வேண்டும். அவ்வகை மாதிரி வினாக்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாக எல்லாப் பள்ளிகளுக்கும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தர வேண்டும். விடைக்குறிப்பில் இல்லாத சரியான விடைக்கு முழு மதிப்பெண் தரும் உரிமையைத் திருத்தும் ஆசிரியருக்கு எழுத்தில் வழங்க வேண்டும். மூன்றாவது நடக்காவிட்டால் முதல் இரண்டும் பயன்படா.