பழைய ஸ்டீரியோப் பெட்டிகள்

பழம் பொருள்களைத் திரட்டுவோர் பல வகையினர். நாணயம் சேர்ப்போர் உளர். தபால்தலை சேர்ப்போர் உளர். பழைய ஸ்டீரியோ ரிஸீவர்களைத் தேடிச் சேர்ப்போரும் இன்று பல நாடுகளில் உளர். வானொலி அலையை வாங்கும் பகுதியும் ஒலியைப் பெருக்கும் பகுதியும் ஒரே பெட்டியில் அமைந்த கருவியே ரிஸீவர். பழைய நாணயம் இன்று கடைத்தெருவில் செல்லாது. அறுபதாண்டுப் பழமையுடைய இப்பெட்டியோ இன்றைய ஒலிபரப்பையும் வாங்கிப் பாடுகிறது. இஃது எவ்வாறு இயன்றது?

ஒலியை இரு வழிகளாகப் பதிவு செய்யும் முறைக்கு ஆங்கிலேயப் பொறியியலார் ஆலன் ப்ளும்லைன் 1931-ஆம் ஆண்டின் இறுதியில் காப்புரிமை கோரினார். எப்.எம். முறைக்கு அமெரிக்கரான எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933-இல் காப்புரிமை பெற்றார். முன்னவர் 1942-இல் ராடார் சோதனைக்காகச் சென்ற விமானம் விழுந்து இறந்தார். பின்னவர் 1954-இல் மறைந்தார். இருவர் கண்ட முறைகளும் வானொலியில் ஒன்றுகூடியதைக் காண இருவருமே இல்லை.

அவ்வாறு கூடுவதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. இடப்புற ஒலியையும் வலப்புற ஒலியையும் தனித்தனியே அனுப்பினால், மக்களிடம் முன்பே இருந்த பெட்டிகளில் பாதி இசையே கேட்கும். 1961 ஏப்ரலில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் ஏற்ற முறை இக்குறையை நீக்கியது. இரு ஒலிகளின் கூட்டுத்தொகை முதன்மையாகச் செல்லும். அவற்றின் வேறுபாடு 38 கிலோஹெர்ட்ஸ் துணையலையில் உடன் செல்லும். 19 கிலோஹெர்ட்ஸ் குறியொன்று அதற்கு வழிகாட்டும். பழைய பெட்டி கூட்டுத்தொகையைக் கொண்டு முழு இசையையும் பெற்றது. புதிய பெட்டி கூட்டியும் கழித்தும் இரு ஒலிகளையும் பிரித்துக்கொண்டது. புதுமை வந்தபோது ஏழையின் பெட்டி கைவிடப்படவில்லை. அம்முறை இன்றும் வழக்கில் உள்ளமையால், அன்றைய ரிஸீவர்களும் பயன்படுகின்றன.

அறுபதுகளில் ஃபிஷர் முதலிய நிறுவனங்களின் வால்வு ரிஸீவர்கள் புகழ் பெற்றன. பின்னர் டிரான்ஸிஸ்டர் அவ்விடத்தைப் பற்றியது. வாட் கணக்கை மிகைப்படுத்தும் விளம்பரங்கள் பெருகவே, 1974-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் அளவிடும் முறையை வரையறுத்தது. அதன்பின் போட்டி உண்மை அளவிலேயே வளர்ந்தது. 1978-இல் வந்த பயனீர் எஸ்.எக்ஸ். 1980 ஒவ்வொரு புறத்துக்கும் 270 வாட் அளித்தது.

இந்தியாவில் எப்.எம். ஒலிபரப்பு 1977-இல் சென்னையில் தொடங்கிற்று. இங்கு இப்பெட்டிகளைச் சேர்க்க விழைவோர் சிலவற்றைக் கருத்தில் கொள்ளுதல் நலம். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்கு உரியது. நம் 230 வோல்ட்டில் நேரே இணைத்தால் கெடும். தகுந்த டிரான்ஸ்பார்மர் தேவை. ஜப்பானியர் தம் நாட்டுக்கெனச் செய்த பழைய பெட்டிகளின் எப்.எம். அளவு 90 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது. நம் நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேல் உள்ளன. நெடுநாள் உறங்கிய பெட்டியில் மின்தேக்கிகள் வறண்டிருக்கும். ஆகையால் அறிந்தவர் சோதித்த பின்னரே மின்சாரம் செலுத்த வேண்டும்.

நார்வே நாடு தன் தேசிய எப்.எம். ஒலிபரப்பை 2017-இல் நிறுத்தி டிஜிட்டல் முறைக்கு மாறியது. அங்குள்ள பெட்டிகள் பழுதின்றியே பெரும்பாலும் ஊமையாயின. பெட்டியைக் காப்பது நம் கையில் உள்ளது. அலையைக் காப்பது நம் கையில் மட்டும் இல்லை. எனவே பழைய பெட்டியைப் போற்றுவோர், மாற்றம் வருங்கால் 1961-இல் காட்டிய பரிவு மீண்டும் காட்டப்படுகிறதா என்பதையும் கவனித்தல் வேண்டும்.