பாட்டுப் புத்தகம் போய்ச் சேர்ந்தது

சினிமாப் பாட்டுப் புத்தகம் எந்த நாளில் செத்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. கேசட் வந்து அதைப் படுக்கையில் தள்ளியது. அப்புறம் இடைவேளையில் முறுக்குக்காரரோடு சேர்ந்து கூவி விற்ற பையனைக் காணோம், அவ்வளவுதான்.

பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மட்டக் காகிதம், விரலில் ஒட்டும் மை, நடுவில் ஒரு பின். முதலில் நடிகர் பட்டியல், அடுத்து கதைச் சுருக்கம். நாயகி வில்லனிடம் மாட்டிக்கொண்டதும் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று கைவிரித்துவிடும். பிறகுதான் பாட்டுகள். அச்சுப்பிழையோடு மனப்பாடம் செய்து, பிழையோடே கடைசிவரை பாடியவர்கள் உண்டு. 1931-இல் வந்த ‘காளிதாஸ்’ படத்தில் ஏறக்குறைய ஐம்பது பாட்டு. ஒரு தடவை கேட்டு எவரால் நினைவில் வைக்க முடியும்? கிராமபோன் வாங்க வழியில்லாத வீட்டுக்குச் சில்லறைக் காசில் கிடைத்த சங்கீதம் இதுதான்.

கோவையில் சென்ட்ரல், பட்சிராஜா ஸ்டூடியோக்கள் ஓடிய காலத்தில் இந்தப் புத்தகங்களை நிரப்பிய பாட்டுகளை எழுதுகிறவர்கள் இங்கே வண்டியேறி வந்தார்கள். கண்ணதாசனின் முதல் திரைப்பாட்டு, இங்கே படமெடுத்த ஜூபிடர் நிறுவனத்தின் ‘கன்னியின் காதலி’க்கு (1949) எழுதியது. அதே ஆண்டு ஜூபிடர் ‘வேலைக்காரி’யையும் வெளியிட்டது. அதற்குப் பாட்டு நம் உடுமலை நாராயணகவி.

உடுமலைப்பேட்டைப் பக்கம் பூளவாடியில் 1899-இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தார். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. தீப்பெட்டி விற்று வயிறு கழுவினார். நாடக மேடையில் எழுதிப் பழகி, நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனுக்குக் ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம் எழுதி, ‘பராசக்தி’, ‘தேவதாஸ்’ படங்கள் வரை வந்தார். பாட்டு அவருக்குப் பிழைப்பு. மெட்டுக்கும் காட்சிக்கும் தயாரிப்பாளர் அவசரத்துக்கும் ஈடுகொடுத்து எழுதியாக வேண்டும். அப்படி எழுதியதிலும் கும்மியின் நடை தங்கியது என்பதே அவர் கெட்டிக்காரத்தனம்.

திரையில் பாடலாசிரியர் பெயர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிவிடும். பாட்டுப் புத்தகத்தில்தான் நின்றது. எழுதியவரின் பெண்டாட்டி பிள்ளைகள் தொட்டுப் பார்க்கக்கூடிய கூலி அது ஒன்றுதான் என்பேன்.

செத்தவரைக் குறை சொல்லக்கூடாது, ஆனாலும் ஒன்று. பலர் எழுதிய படமென்றால் எல்லாப் பெயரையும் முதல் பக்கத்தில் அடுக்கிவிட்டு, எது யாருடையது என்று சொல்லாமல் விட்ட புத்தகங்கள் உண்டு. ‘இது அவர் எழுதியது, இல்லை இவர் எழுதியது’ என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. இன்றைய செல்போன் செயலிகள் மட்டும் யோக்கியமா? பாடகர் முகம் பளிச்சென்று தெரிகிறது. எழுதியவரைத் துழாவித்தான் பிடிக்க வேண்டும்.

நாராயணகவி 1981-இல் காலமானார். அவருக்கு உடுமலையில் மணிமண்டபம் இருக்கிறது. பாட்டுப் புத்தகத்துக்கு அது தேவையில்லை. உங்கள் வீட்டு அட்டாலியில் ஒரு கட்டு கிடந்தால் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா நூலகம் இத்தகைய புத்தகங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறது. அங்கே அனுப்பி வையுங்கள்.