முதலில் எங்கே வெட்டுவது?

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்தத் தடத்தின் அன்றைய தென்கோடியில், அடுத்தடுத்த நிலையங்களுக்குள், தமிழ்நாட்டுக் கணினி வரலாற்றின் சில முகவரிகள் நெருக்கமாக அமைந்துவிட்டன. குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. இருக்கிறது. சி. ராஜம் தன் வீட்டை விற்று 1949-இல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே மின்னணுவியல் படித்த ரங்கராஜன்தான் பின்னாளில் சுஜாதா என்ற பெயரில் தமிழ் வாசகர்களுக்குக் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தினார். அதே வளாகத்தில் ஏயூ-கேபிசி ஆய்வு மையம். அடுத்த நிலையமான தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் வந்த ஏற்றுமதி மண்டலம், எல்லோர் வாயிலும் ‘மெப்ஸ்’.

மெப்ஸ் கேட்டுக்குள் தினமும் நுழைகிறவர்களில் ஏராளமானோர் நிரல் எழுதுகிறவர்கள். எழுதுவது ஆங்கிலச் சொற்களில். ‘இஃப்’, ‘வைல்’, ‘பிரிண்ட்’ என்ற இடங்களில் தமிழ்ச் சொற்களைப் போட்டுவிட்டால் தமிழ் நிரல்மொழி தயார் என்று பலர் நினைப்பதுண்டு. அப்படி ஒரு மொழியை உண்மையிலேயே செய்து பார்த்தவர்களுக்குச் சொற்கள் பெரிய சிக்கலாக இருக்கவில்லை. சிக்கல் அதற்கு முன்பே, எழுத்துகளை வெட்டும் இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு, வெட்டிய துண்டுகள் வரும் வரிசையில் இருந்தது.

கணினிக்கு ஒரு நிரல் முதலில் வெறும் எழுத்து வரிசைதான். அதைப் பெயர், எண், குறி என்று துண்டாக்குவது முதல் வேலை. அந்தத் துண்டுகளுக்கு டோக்கன் என்று பெயர். எந்தத் துண்டு எதைச் சார்ந்து நிற்கிறது என்று இலக்கணப்படி கூட்டிப் பார்ப்பது இரண்டாவது வேலை. அதைச் செய்வது பார்சர்.

முதல் வேலை சுலபம் என்று தோன்றும். 1957-இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் அப்படி இல்லை என்று காட்டியது. அந்த மொழி இடைவெளிகளைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ‘டூ 10 ஐ = 1, 5’ என்று காற்புள்ளியோடு எழுதினால், ஒரு கணக்கை ஐந்து முறை திருப்பிச் செய் என்று பொருள். காற்புள்ளிக்குப் பதில் தவறிப்போய் வெறும் புள்ளி விழுந்தால், ‘டூ10ஐ’ என்ற பெயருள்ள மாறியில் 1.5 என்ற எண்ணை வை என்று பொருளாகிவிடும். வரியின் கடைசிவரை போய்ப் பார்த்த பிறகே முதல் சொல் எங்கே முடிகிறது என்று நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலருக்குத் தெரியும். 1973-இல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 வந்த காலத்திலும் நிரல்கள் 80 பத்திகள் கொண்ட அட்டைகளில்தான் துளையிடப்பட்டன. ஃபோர்ட்ரானில் எந்தப் பத்தியில் எது வர வேண்டும் என்பதும் விதி. முதல் ஐந்து பத்திகள் வரி எண்ணுக்கு, ஆறாவது தொடர்ச்சிக்கு, ஏழிலிருந்து எழுபத்திரண்டு வரை கட்டளைக்கு.

இடைவெளி இல்லாத வரி தமிழுக்குப் புதிதல்ல. ஓலைச்சுவடியில் சொற்களுக்கு இடையே இடம் விடுவதில்லை. புள்ளி வைத்தால் எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு வீரமாமுனிவருக்குப் பிறகுதான் நிலைபெற்றது. படிக்கிறவரே சந்தி பிரித்து, மெய் எது உயிர்மெய் எது என்று முடிவுசெய்ய வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தபோது அவருடைய உழைப்பில் இந்தப் பிரிப்புக்கும் பங்கு இருந்தது.

அச்சு கொடுத்த தெளிவைக் கணினி மறுபடியும் கலைத்தது. 1990-களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு எழுத்துருக் குறியீடு வைத்திருந்தது. ஓரிடத்தில் அடித்தது இன்னோரிடத்தில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியீடுகளையும் பரிந்துரைத்தது. பிறகு எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) பரவி, குழப்பத்தின் ஒரு பகுதியைத் தீர்த்தது. இன்னொரு பகுதியை அதுவே உண்டாக்கியது.

‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பள்ளிக் குழந்தைக்கு அது மூன்று எழுத்து. ஒருங்குறிக்கு ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட். பைத்தான் என்ற நிரல்மொழியிடம் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்கிறது. அதைவிட வேடிக்கை, சொற்களைப் பொறுக்கி எடுக்கப் பைத்தானின் தேடல் தொகுப்பில் உள்ள ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ’ என்ற வழக்கமான குறி. கொக்கியையும் புள்ளியையும் அது எழுத்தாக ஏற்பதில்லை. ஆகவே ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என இரண்டு துண்டு திரும்பி வரும். ஆங்கிலத்துக்காக எழுதிய டோக்கன் வெட்டியை அப்படியே கொண்டுவந்து தமிழில் ஓட்டினால் முதல் வரியிலேயே மாறியின் பெயர் உடைந்துவிடும்.

247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்துவிடலாமே என்ற வாதத்திலிருந்து பிறந்தது டேஸ்-16 என்ற குறியீடு. ஒருங்குறியோடு அதையும் தரமாக ஏற்றுத் தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி ஆணை வெளியிட்டது. ஆனால் உலகம் ஒருங்குறியோடு போய்விட்டது.

இந்தப் பின்னணியில்தான் எழில் வருகிறது. முத்தையா அண்ணாமலை என்ற பொறியாளர் அமெரிக்காவில் இருந்தபடி 2007-இன் இறுதியில் தொடங்கி, 2009 ஜூலையில் அறிவித்த மொழி அது. ‘ஸ்வரம்’ போன்ற முயற்சிகள் அதற்கு முன்பே நடந்திருந்தன. யாரும் இறக்கி ஓட்டிப் பார்க்கும்படி கட்டற்ற மென்பொருளாக வந்தது எழில். பள்ளி மாணவர்களை மனத்தில் வைத்து, பைத்தான் மேல் கட்டப்பட்டது. அதில் ஒரு சிறு நிரல் இப்படி இருக்கும்:

நிரல்பாகம் தொடர்பெருக்கம்( மதிப்பு )
  @( மதிப்பு == 0 ) ஆனால்
    பின்கொடு 1
  இல்லை
    பின்கொடு மதிப்பு * தொடர்பெருக்கம்( மதிப்பு - 1 )
  முடி
முடி
பதிப்பி தொடர்பெருக்கம்( 5 )

ஓட்டினால் 120 என்று வரும்.

வெட்டும் சிக்கலுக்கு எழில் எடுத்த வழி எளிமையானது. எது எழுத்து என்று வரையறுக்கப் புகாமல், ஒரு பெயருக்குள் எவையெல்லாம் வரக்கூடாது என்று பட்டியல் போட்டுக்கொண்டது: இடைவெளி, அடைப்புக்குறி, கூட்டல், கழித்தல், சமக்குறி, காற்புள்ளி முதலானவை. அந்தப் பட்டியலில் உள்ள ஒன்று எதிர்ப்படும்வரை எல்லாமே பெயரின் பகுதி. கொக்கியா புள்ளியா என்ற கேள்வியே எழவில்லை.

வரிசைச் சிக்கலுக்கு வந்த விடை நிரலின் இரண்டாவது வரியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘இஃப்’ முதலில் வரும்; அதைப் பார்த்ததுமே பார்சர் அடுத்து நிபந்தனை வரப்போகிறது என்று தயாராகிவிடும். தமிழில் நிபந்தனையைச் சொல்லி முடித்த பிறகே ‘ஆனால்’ வரும். ‘வரை’யும் அப்படியே. இடமிருந்து வலமாகப் படித்துவரும் பார்சர் ஒரு அடைப்புக்குறியைச் சந்திக்கும்போது, அது சாதாரணக் கணக்கா, நிபந்தனையின் தொடக்கமா, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய சுற்றா என்று தெரியாமல் நிற்கும். தமிழ் வாக்கியத்தைத் தலைகீழாக்கி ‘ஆனால்’ என்பதை முன்னே தள்ளியிருக்கலாம். எழில் அதைச் செய்யவில்லை. நிபந்தனைக்கு முன்னால் @ குறியை வைத்தது. அதைக் கண்டதும் பார்சர் உள்ளே இருப்பதைப் படித்து வைத்துக்கொண்டு, பின்னால் வருவது ஆனாலா, வரையா, ஆகவா என்று பார்த்து முடிவுசெய்கிறது.

குரோம்பேட்டை ஏயூ-கேபிசி மையத்தில் நடப்பது இதைவிடக் கடினமான வெட்டு. அங்கே சோபா லலிதா தேவி தலைமையிலான கணினி மொழியியல் குழு சொல்லை அதன் உறுப்புகளாகப் பிரிக்கும் தமிழ் உருபனியல் பகுப்பான்களிலும், ‘சம்பர்க்’ திட்டத்தில் தமிழ்–இந்தி இயந்திர மொழிபெயர்ப்பிலும் வேலை செய்திருக்கிறது. நிரல்மொழியில் ஒரு வரிக்கு இரண்டு பொருள் வராதபடி விதி செய்துகொள்ளலாம். மனிதத் தமிழில் ‘பலகை’ மரப்பலகையும் ஆகலாம், பல கைகளும் ஆகலாம். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்ற ஒரே சொல்லுக்குள் வினை, காலம், ஆள், பன்மை, வேற்றுமை எல்லாம் அடுக்கி நிற்கும். இடைவெளி எதையும் காட்டிக்கொடுக்காது.

இதே தென்புறநகரில் மேற்குத் தாம்பரத்தோடு தொடர்புடையது கணியம். 2012 ஜனவரியில் கட்டற்ற மென்பொருளைப் பற்றிய தமிழ் மின்னிதழாகத் தொடங்கி அறக்கட்டளையாக வளர்ந்தது. லினக்ஸ், தரவுத்தளம், நிரலாக்கம் பற்றி ‘எளிய தமிழில்’ என்ற தலைப்பு வரிசையில் அது தந்த மின்னூல்கள் இலவசம். கணியத்தின் த. சீனிவாசன், முத்தையா அண்ணாமலை போன்ற தன்னார்வலர்களின் கை சேர்ந்து வளர்ந்தது ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பு. தமிழ் உரையைக் கையாளும் நிரல்களுக்குத் தேவைப்படும் எழுத்துப் பிரிப்பு வேலையை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி அது தனியாகத் தருகிறது. அதனிடம் ‘தமிழ்’ என்று கொடுத்தால் த, மி, ழ் என்று மூன்று எழுத்து வரும்.

பைத்தானும் மாறிவிட்டது. எழில் தொடங்கிய அதே 2007-இல் மார்ட்டின் ஃபான் லோவிஸ் முன்வைத்த பெப் 3131 என்ற முன்மொழிவு ஏற்கப்பட்டு, 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0-இலிருந்து மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். ‘கொ’ என்பதில் வரும் ஒகரத்தை ஒரே குறியாக அடித்தாலும், கொம்பும் காலுமாக இரண்டு குறியில் அடித்தாலும், பெயர் ஒன்றுதான் என்று பைத்தான் ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. மொழியின் சிறப்புச் சொற்கள் மட்டும் ஆங்கிலமாகவே இருக்கின்றன.

இப்போது டோக்கன் என்ற சொல் நிரல் எழுதாதவர் காதிலும் விழுகிறது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் உரையை டோக்கன்களாக வெட்டித்தான் படிக்கின்றன. அவற்றை நிரல்வழி பயன்படுத்துகிறவரிடம் டோக்கன் கணக்கில்தான் பணம் வாங்குகின்றன. அந்த வெட்டு பெரும்பாலும் ஆங்கில உரையைப் பார்த்துப் பழகியது. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது, ஒரே அறிமுக வாசகத்தைப் பல மொழிகளில் கொடுத்து, பழைய வெட்டு முறையையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டியது. தமிழில் 116 டோக்கனாக இருந்தது 35 ஆகக் குறைந்திருந்தது. ஆங்கிலத்தில் அது 27-லிருந்து 24 ஆனது.