ஓடிபி வரவில்லை, ஏடிஎம் கார்டும் கையில்தான் இருக்கிறது: பணம் மட்டும் எப்படிப் போனது?

"யாருக்கும் ஓடிபி சொல்லவே இல்லையே, எப்படிங்க பணம் போச்சு?" வங்கிக் கிளைகளில் இந்தக் கேள்வியோடு வந்து நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சந்தேகப்பட வேண்டிய வழிகளில் ஒன்று ஏஇபிஎஸ், அதாவது ஆதார் வழியாக நடக்கும் பணப் பரிவர்த்தனை.

இதில் பணம் எடுக்க மூன்றே விஷயங்கள் போதும்: ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை. கார்டு, பின் நம்பர், ஓடிபி எதுவும் வேண்டாம். ஏடிஎம் இல்லாத ஊர்களில் நூறு நாள் வேலைச் சம்பளமும் முதியோர் பென்ஷனும் பலருக்குக் கைக்கு வருவது, வங்கி முகவர் வைத்திருக்கும் அந்தச் சின்ன ரேகைக் கருவி வழியாகத்தான். அதனால் திட்டத்தையே குறை சொல்லிவிட முடியாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பின் நம்பர் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியுமா?

ரேகையை எப்படித் திருடுகிறார்கள்?

பத்திரப் பதிவு ஆவணங்களில் நாம் உருட்டும் ரேகையை நகலெடுத்து, சிலிக்கான் அல்லது ரப்பரில் போலி ரேகை செய்ததைப் பல மாநிலப் போலீசார் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதே பத்திரத்தில் ஆதார் எண்ணும் இருந்தால் திருடனுக்கு வேலை மிச்சம். போலி ரேகையைக் கண்டுபிடிக்க ஆதார் ஆணையம் 2023-ல் செயற்கை நுண்ணறிவு சார்ந்த சோதனையைக் கொண்டுவந்தது. கருவியில் வைக்கப்படுவது உயிருள்ள விரல்தானா என்று அது பார்க்கும்.

ஆனால் அந்தச் சோதனை தடுக்க முடியாத ஒரு மோசடியும் உண்டு. அதில் விரல் நிஜமானது, உங்களுடையதேதான். "சர்வர் இல்லம்மா, இன்னொரு தடவை வைங்க" என்பார் கடைக்காரர். முதல் தடவையே பணம் எடுக்கப்பட்டிருக்கும். வெறும் இருப்பு பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் பணம் எடுப்பதும் இதே ரகம். எஸ்எம்எஸ் வராத, படிக்கத் தெரியாத பெரியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். எனவே 'ஃபெயில்' ஆனது என்று சொன்னாலும் ரசீது கேளுங்கள். ரசீது தராத இடத்தில் இரண்டாவது முறை விரல் வைக்காதீர்கள்.

முகவர்களைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புதிய விதிகளை அறிவித்தது. 2026 ஜனவரி 1 முதல் நடைமுறை. தொடர்ந்து மூன்று மாதம் சும்மா கிடந்த முகவர் கணக்கை, அவருடைய அடையாளத்தை மறுபடி சரிபார்க்காமல் வங்கி இயங்கவிடக் கூடாது. முகவரின் பரிவர்த்தனைகளையும் வங்கி தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது: ரேகைக்குப் பூட்டு

எம்ஆதார் செயலியிலோ மைஆதார் இணையதளத்திலோ 'பயோமெட்ரிக் லாக்' என்ற வசதி இருக்கிறது. கட்டணம் கிடையாது. பூட்டிவிட்டால் ரேகை, கருவிழி, முகம் எதை வைத்தும் ஆதார் சரிபார்ப்பு நடக்காது. கருவியில் 330 என்ற பிழை எண் வரும். தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். 10 நிமிடத்தில் தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். ஓடிபி வழியான ஆதார் சேவைகளுக்கு இந்தப் பூட்டு தடையில்லை.

இதற்கு ஆதாரில் உங்கள் செல்போன் எண் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் அதைச் சேர்க்க வேண்டும்.

உடனே வீட்டில் எல்லோருக்கும் பூட்டிவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். ரேஷன் கடையிலும் இதே ரேகைதான். பாட்டியின் ஆதாரைப் பேரன் வெளியூரில் இருந்துகொண்டு பூட்டிவிட்டால், அவர் கடை வாசலில் பையோடு நிற்க வேண்டியதுதான். ஏடிஎம்மும் யுபிஐயும் மட்டும் பயன்படுத்துகிறவர்கள் தயங்காமல் பூட்டலாம். மாதாமாதம் விரல் வைத்தே பணமும் அரிசியும் வாங்குகிறவர்களுக்கு, திறந்து கொடுக்கப் பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும் பூட்டுவது நல்லது. அவர்களுக்கு முதல் பாதுகாப்பு, வங்கிக் கணக்கில் சரியான செல்போன் எண்ணைச் சேர்த்து எஸ்எம்எஸ் வரச் செய்வதுதான்.

பணம் போய்விட்டால்?

தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். அதோடு நிறுத்தாமல் வங்கிக்கும் எழுத்தில் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, தவறு உங்களிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை என்றால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டமே கிடையாது. 4 முதல் 7 வேலை நாட்கள் என்றால் ஒரு வரம்பு வரை நஷ்டத்தை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். அதற்கும் மேல் போனால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான்.

"உங்க ரேகைதானே பதிவாகியிருக்கு, நாங்க என்ன பண்றது?" என்று கவுன்ட்டரில் சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடாதீர்கள். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் வேலை என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. 30 நாட்களில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கும் கட்டணம் இல்லை.