விளக்குக்குப் போட்ட ஓட்டை

மழைக்காலத்தில் மச்சு வீடு ஒழுகினால், ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க நம் கொத்தனார்கள் படும் பாட்டைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். படித்த நண்பர் ஒருவர் கடற்கரையில் பார்த்தபோது, "வீடு ஒரு இடத்துல நிக்குது, அதுக்கே இந்தப் பாடு. ஓடுற வீடு ஒழுகினா என்ன செய்வாங்க?" என்று வேடிக்கையாகக் கேட்டார். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. ஓடுகிற வீட்டின் ஒழுகலோடு ஒரு கோடைகாலம் முழுக்க மல்லுக்கட்டியவன் நான்.

என் அண்ணன் பிரான்சில் ஃப்ரெழூஸ் நகரில் இருக்கிறார். 1962 ஆகஸ்ட் 16-ல் நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள் அல்லவா? அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. இருபது வயது அண்ணன் எழுதிக் கொடுத்தார், சொல்தாவாகப் போனார். நான் பன்னிரண்டு வயதுப் பையன், அப்பாவோடு இந்தியனாக நின்றேன். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் இருந்தது 2018-ல்தான். அந்த ஒரு மாதத்தையும் அவருடைய காம்பிங்-கார் எடுத்துக்கொண்டது.

வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் இருக்கும் வண்டி அது. 2004-ல் பழையதாக வாங்கியிருந்தார். நீளம் ஆறரை மீட்டர், அகலம் 2.20. நான் போனபோது கண்பார்வை மங்கி, டாக்டர் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டிருந்தார். விற்றுவிட வேண்டியதுதான். ஆனால் பின்பக்கப் படுக்கையில் ஒரு பூஞ்சை வாடை. நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார் அண்ணி. கடல்காற்று என்று அண்ணன் தட்டிக் கழித்திருக்கிறார். சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினேன், ஊறிப்போன ரொட்டி மாதிரி உள்ளே போயிற்று.

சக்கரம் வைத்த வீடு என்ற ஆசை பழையது. லீசேயில் நாங்கள் விழுந்து விழுந்து படித்த ழூல் வெர்ன், 1880-ல் எழுதிய ஒரு நாவலில், நீராவியால் நடக்கும் இரும்பு யானை இரண்டு வீடுகளை இழுத்துக்கொண்டு கல்கத்தாவிலிருந்து வடஇந்தியா பக்கம் போகும். கதைதான். நிஜத்தில், ரெமோன் ரூசேல் என்ற பணக்கார எழுத்தாளர் 1925 வாக்கில் சுமார் 9 மீட்டர் நீளத்தில் மோட்டார் வீடு ஒன்று கட்டவைத்தார். படுக்கையறை, குளியலறை, வேலைக்காரர்கள் படுக்க இடம் எல்லாம் அதில் உண்டு. 1926-ல் அதை ரோமுக்கு ஓட்டிப்போய் முசோலினிக்குக் காட்டினார். சாதாரணக் குடும்பங்களுக்கு இந்த ஆசை எட்டியது போருக்குப் பிறகுதான். 1951-ல் வெஸ்ட்ஃபாலியா கம்பெனி ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் வைத்து விற்கத் தொடங்கியது.

இதில் என்னை யோசிக்க வைத்தது விளக்கு. குதிரை வண்டிக் காலத்தில் விளக்கு வண்டிக்கு வெளியே ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும். மெழுகுவர்த்தியோ எண்ணெயோ அதற்குள்ளேயே இருக்கும். சுவரைத் துளைக்கத் தேவையில்லை. மின்சார விளக்கு வந்ததும் வயர் உள்ளேயிருந்து வர வேண்டியதாயிற்று. வயர் வர ஓட்டை வேண்டும்.

அந்த ஓட்டை எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்தது சட்டம். ஐரோப்பிய விதிப்படி 2.10 மீட்டருக்கு மேல் அகலமான வண்டிக்கு அதன் விளிம்பைக் காட்டும் விளக்குகள் கட்டாயம். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, முடிந்த அளவு உயரத்தில். 6 மீட்டருக்கு மேல் நீளமென்றால் பக்கவாட்டில் மஞ்சள் விளக்குகளும் சேரும். அமெரிக்காவில் அகலம் 80 அங்குலம் எட்டினாலே மூலைக்கு ஒன்றும் நடுவில் மூன்றுமாக முன்நெற்றியில் ஐந்து. இருட்டில் எதிரே வருகிறவன் வண்டியின் அகலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமே, நியாயமான விதிதான். முப்பது வருடம் விதிப்புத்தகத்தோடு குடித்தனம் நடத்திய எனக்கு விதியின் மேல் கோபமில்லை. ஆனால் மழை முதலில் அடிக்கும் மேல்மூலையில் ஓட்டை போடச் சொல்கிறோம் என்பதை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருப்பார்களா என்று தோன்றும்.

ஒழுகல் எங்கே என்று தேடினோம். ஈரம் தெரிந்த இடம் ஜன்னலுக்குக் கீழே. அதனால் ஜன்னல்தான் குற்றவாளி என்று அண்ணன் தீர்ப்பே எழுதிவிட்டார். பக்கத்து வீட்டில் படகு பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். அவர் இரண்டு ஊசி வைத்த ஈரமானி ஒன்றைக் கொண்டுவந்தார். சுவரில் குத்தினால் மரத்தின் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும். 20-க்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும் என்றார். ஒரு சாணுக்கு ஒரு குத்து, பக்கத்திலேயே பென்சிலால் எண். மாலைக்குள் சுவர் முழுக்க எண்கள். என் ஆபீஸ் பதிவேடு மாதிரி இருந்தது. ஜன்னலுக்குக் கீழே 30-க்கு மேல். ஆனால் எண்களைத் தொடர்ந்து போனால் ஜன்னலை ஒட்டி மேலேறி, வலது மேல்மூலைச் சிவப்பு விளக்கில் போய் நின்றது.

மறுநாள் தண்ணீர்ச் சோதனை. அண்ணன் உள்ளே டார்ச்சோடு, நான் வெளியே ரப்பர் குழாயோடு. எப்போதும் கீழிருந்துதான் மேலே போக வேண்டும், மேலிருந்து ஊற்றினால் எல்லா இடத்திலும் வழிந்து எது என்று தெரியாமல் போகும். ஜன்னலுக்குக் கால் மணி நேரம், ஒன்றுமில்லை. விளக்குக்கு ஊற்ற ஆரம்பித்து இருபது நிமிடம் கழித்து உள்ளேயிருந்து சத்தம்: "தம்பி, நிறுத்து நிறுத்து! வயர் வழியா வருதுடா!" விளக்கின் பின்னால் நுழைந்த தண்ணீர் வயரையே படிக்கட்டாகப் பிடித்து இறங்கியிருக்கிறது.

விளக்கைக் கழற்றினோம். நான்கு திருகுகளும் துருப்பிடித்திருந்தன, ஒன்று கையோடு உடைந்தது. மெல்லிய வயர் ஒன்றுக்குக் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. சுவர் மூன்று அடுக்கு: வெளியே அலுமினியத் தகடு, நடுவில் தெர்மாகோல், உள்ளே பிளைவுட், மூலையில் தாங்குவதற்கு மரச்சட்டம். தகடு வெளிப்பார்வைக்குப் புதிது போல இருக்க, சட்டம் கையில் எடுத்தால் காப்பித்தூளாக உதிர்ந்தது.

விளக்கைச் சுற்றியிருந்த பூச்சைச் சுரண்டியது நான்தான். அதுவும் ஒரு சரித்திரம். மேலே கண்ணாடி மாதிரி சிலிக்கோன், அண்ணன் பூசியது. அதன் கீழே சாம்பல் நிறத்தில் இன்னொரு பூச்சு, முந்தைய சொந்தக்காரர் கைவேலை. அதற்கும் கீழே தொழிற்சாலையில் வைத்த கறுப்புப் பட்டை, காய்ந்து வெடித்திருந்தது. சின்ன வயதில் நம் வீட்டு ஜன்னல் கண்ணாடிக்குச் சீமைச்சுண்ணாம்புத் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து பட்டி வைப்பார்கள், நினைவிருக்கிறதா? அது நிற்கும் கட்டடத்துக்குச் சரி. குலுங்குகிற வண்டியில் காய்ந்து விண்டுவிடும். 1937-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த பியூட்டைல் ரப்பர் காயாமல் மெத்தென்று இருப்பதால் பட்டையாக வந்தது. சிலிக்கோன் பொருள்கள் 1940-களில் விற்பனைக்கு வந்து, பிறகு குளியலறையெல்லாம் பிடித்துக்கொண்டன. ஒவ்வொரு தலைமுறையும் புதுப் பசை ஒன்றை நம்பியிருக்கிறது. பழைய சிலிக்கோனின் மேல் வேறு எதுவும் ஒட்டாது, அதுதான் வினை. மேலே மேலே பூசியதெல்லாம் சும்மா போர்த்திக்கொண்டு கிடந்தது. கீழ்விளிம்பையும் சேர்த்து அடைத்திருந்ததால், உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியும் இல்லை.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று படகுக்காரரைக் கேட்டேன். விளக்கு மூச்சு விடுகிறது என்றார். பல்பு எரியும்போது கூட்டுக்குள் காற்று சூடாகி விரிந்து வெளியேறும். அணைத்ததும் குளிர்ந்து சுருங்கும்போது, வெடிப்பில் நிற்கும் மழைத்துளியை உள்ளே இழுத்துக்கொள்ளும். தகடும் பிளாஸ்டிக்கும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை என்பதால் வெடிப்பும் பெருகிக்கொண்டே போகும்.

இவர் பேசப் பேச எனக்கு நம் கடற்கரைச் சலங்குகள் நினைவுக்கு வந்தன. அந்தக் காலத்தில் கப்பல் சரக்கை அலை தாண்டிக் கரை சேர்த்த அந்தப் படகுகளில் ஆணியே கிடையாது. பலகைகளைத் துளைத்துத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலுக்குள் நாரைத் திணித்திருப்பார்கள். தண்ணீர் வரத்தான் செய்யும், இறைக்க ஒரு ஆள் இருப்பான். ஓட்டை போட்டவர்களுக்கு அது ஓட்டை என்பது மறக்கவில்லை.

பழுது பார்க்க மூன்று வாரம் பிடித்தது, அதில் பெரும்பகுதி காயவிட்டதுதான். ஊறிய பிளைவுட்டை வெட்டி எடுத்து, சுவரைத் திறந்துபோட்டு, ஃபேன் வைத்தோம். தினமும் காலையில் ஈரமானியால் குத்தி எண் எழுதுவது என் வேலை. 14-க்கு வந்த பிறகுதான் படகுக்காரர் புதுச்சட்டம் வைக்க விட்டார். சிலிக்கோனைப் பிளாஸ்டிக் கரண்டியால் முழுக்கச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்தோம். வயர் ஓட்டைக்கு ரப்பர் வளையம். வயரை நேராக நுழைக்காமல் கொஞ்சம் தொங்கவிட்டு மேலேற்றினோம், துளி அந்த வளைவில் சொட்டிவிடும். விளக்கின் அடியில் பியூட்டைல் பட்டை, திருகுகளிலும் அதையே சுற்றினோம். பழைய பல்பு விளக்குக்குப் பதில், முழுக்க அடைத்து வரும் எல்.இ.டி. விளக்கு. கடைசியாக மேல்விளிம்பிலும் இரண்டு பக்கத்திலும் பாலியூரித்தேன் பூச்சு. கீழே பூசவில்லை.

"கீழ விட்டா தண்ணி ஏறாதாடா?" என்றார் அண்ணன்.

"ஏறாதுண்ணே. வந்தது போகணும்ல."

பிறகு விற்பனை. அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர், உள்சுவரில் புதுப் பலகை ஒட்டியாகிவிட்டது, யாருக்கும் தெரியாது, சொல்லாமல் விற்றுவிடு என்றார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். கோத் சிவிலில் 1641-வது பிரிவு, விஸ் கஷே, அதாவது மறைந்த குறை. தெரிந்தே மறைத்து விற்றால் விலையைத் திருப்பித் தருவதோடு நஷ்டஈடும் தர வேண்டும். நான் அதைச் சொன்னேன். அண்ணி சட்டம் எதுவும் பேசவில்லை. "நாலு வருஷம் எனக்கு மறைச்சீங்க, போதும்" என்றார்.

வாங்க வந்த இளம் தம்பதியிடம் அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். பென்சில் எண்கள் இருந்த பலகைத் துண்டையும் காட்டினார். கேட்ட விலையில் 3,000 யூரோ குறைந்தது. அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எந்தத் தேதியில் என்ன செய்தோம், எந்தப் பசை, மற்ற மூன்று மேல்விளக்குகளின் ஈர அளவு என்ன என்று எல்லாவற்றையும் ஒரு முழுத்தாளில் பிரெஞ்சில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன்.

நான் ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து, நவம்பரில், அந்தப் பெண் அண்ணனுக்குப் போன் செய்தாளாம். அங்கே மூன்று நாள் விடாத மழை. அண்ணனுக்கு நெஞ்சு பக்கென்றதாம். இடது பக்கச் சிவப்பு விளக்குக்கும் அதே மாதிரி செய்யப் போகிறார்களாம், தாளில் பசையின் பெயர் என் கையெழுத்தில் புரியவில்லை, அது என்ன என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.